மிளகாய்த்தூள் தூவுனா மெக்சிகோவா?

நடுவர் ஐயா, ரெண்டு பக்கத்துப் பேச்சாளர்கள், பின்னாடி ஹால்ல இருந்து வர்ற பிரியாணி வாசனையையும் தாங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பெரியவங்க, பிள்ளைங்க எல்லாருக்கும் வணக்கம். வணக்கத்தை நீட்டுனா என் கணக்குலதான் நேரம் கழியும், அதனால அவ்வளவுதான்.

தலைப்பு உங்களுக்கே தெரியும். மெக்சிகோ சாப்பாட்டுக்கு ஆணிவேர் ஸ்பெயினா, அவங்க சொந்த மண்ணா? டெக்சாஸ்ல உட்கார்ந்துகிட்டு தமிழன் இதைப் பத்தி ஏன் பேசணும்னு என் மாமனார் போன்ல கேட்டாரு. போன வருஷம் "மாமியாரா மருமகளா"ன்னு வெச்சோம் மாமா, அதுல ரெண்டு குடும்பம் இன்னும் பேசிக்கிறதில்ல, அதான் இந்த வருஷம் நமக்குச் சம்பந்தமில்லாத சண்டையாப் பாத்து எடுத்திருக்கோம்னு சொன்னேன். நான் சொந்த மண் அணி. கொள்கைப் பிடிப்பெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, சீட்டு குலுக்குனாங்க, எனக்கு இது விழுந்துச்சு. ஸ்பெயின் விழுந்திருந்தா இதே தொண்டையில அதுக்கும் பேசியிருப்பேன்.

ஆனா எனக்கு முன்னாடி பேசுன எதிரணித் தங்கச்சி ஒரு வார்த்தை விட்டுச்சு பாருங்க. "ஸ்பெயின்காரன் சமைச்சதுல ஒரு கை மிளகாய்த்தூளைத் தூவுனா அதுக்குப் பேருதான் மெக்சிகோ சாப்பாடு, இதுக்கு ஒரு பட்டிமன்றமா?"ன்னு. நீங்களும் விசிலடிச்சீங்க, மூணாவது வரிசையில என் பொண்டாட்டியும் கை தட்டுனதை நான் பாத்தேன். எழுதிக் கொண்டுவந்த மூணு பக்கத்தையும் அப்பவே மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டேன். இந்த மிளகாய்த்தூளுக்குப் பதில் சொல்லாம நான் மேடையை விட்டு எறங்க மாட்டேன்.

அதுக்கு முன்னாடி எங்கப்பா கதை. ஸ்பெயின் சாப்பாடும் மெக்சிகோ சாப்பாடும் ஒண்ணுதான்னு நம்பி ஏமாந்தவன் நான், அந்த அனுபவத்துல சொல்றேன்.

டெக்சாஸ்ல டோர்ட்டியான்னா என்னன்னு கைக்குழந்தைக்கும் தெரியும். இங்க பாதி வீட்டுல சப்பாத்தி தேய்க்கச் சோம்பல்பட்டு அந்தக் கோதுமை டோர்ட்டியாவைத்தான் தோசைக்கல்லுல போட்டு எடுக்குறோம், இல்லைங்கிறவங்க கை தூக்குங்க பாப்போம். ஒருத்தரும் தூக்கல. நடுவர் தூக்குறாரு, அவர் வீட்டு ஃப்ரிட்ஜை நான் பாத்திருக்கேன். சரி. இப்படி அஞ்சு வருஷம் டோர்ட்டியாவும் குருமாவுமா வாழ்ந்த என்னை ஆபீஸ்ல மாட்ரிட்டுக்கு ரெண்டு வருஷம் அனுப்புனாங்க. எங்கப்பாவை அங்க கூட்டிட்டு வந்தேன். கோவில்பட்டியைத் தாண்டி அதிகம் போகாத மனுசன். வந்தது புரட்டாசி மாசம். சனிக்கிழமை. மீனு, கறி, முட்டை எதுவும் ஆகாது. ராத்திரி ஏழு மணிக்கு எல வந்துடணும், எட்டரைக்குக் குறட்டை வந்துடணும்.

ஸ்பெயின்ல ஏழு மணிக்கு எவனும் சாப்பிட மாட்டான்யா! ஒம்போதுக்கு மேலதான் அவங்களுக்கு ராத்திரியே ஆரம்பிக்கும். நாங்க தெருத்தெருவா அலையுறோம், எல்லா இடத்துலயும் கிச்சன் மூடியிருக்கு. அப்பா ஒண்ணும் பேசல. எங்கப்பா பேசாம இருந்தா வயித்துல அமிலம் சுரக்குறது வெளிய நிக்கிற நமக்குக் கேக்கும். கடைசியா ஒரு சின்ன பார். உள்ள போறதுக்கே அவருக்குச் சங்கடம், புரட்டாசி சனிக்கிழமை சாராயக்கடையான்னு ஒரு பார்வை. உள்ள மேலே பன்னித் தொடையை முழுசு முழுசா வரிசையாத் தொங்க விட்டிருக்காங்க. அப்பா நிமிந்து பாத்தாரு, "என்ன தம்பி, தம்பூரா ரிப்பேர் பண்ற கடையா?"ன்னாரு. ஆமாப்பான்னுட்டேன்.

சைவமா என்ன இருக்குன்னு கவுண்டர்ல இருந்த அம்மாகிட்ட கேட்டேன். "டோர்ட்டியா இருக்கு"ன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்பா, சப்பாத்தி இருக்காம்! ரெண்டு பிளேட் சொல்லிட்டு உட்கார்ந்தோம்.

வந்துச்சு. வட்டமும் இல்ல, மெல்லிசும் இல்ல. கேக்கு வெட்டுன மாதிரி முக்கோணமா, ரெண்டு விரல் கனத்துக்கு, மஞ்சளா, மேல ஒரு ரொட்டித் துண்டு, அது விழுந்துடாம இருக்க நடுவுல ஒரு பல்குச்சி. அப்பா மொதல்ல பல்குச்சியை எடுத்தாரு. "நம்மூர்ல சாப்பிட்ட பொறகு குடுப்பான், இங்க சாப்பிடுறதுக்கு முந்தியே குடுக்குறானே, அவ்வளவு கெட்டியா இருக்குமோ?"ன்னாரு. நான் வாயில வெச்சுப் பாத்தேன். உருளைக்கிழங்கு, ஆலிவ் எண்ணெய், மிச்சம் எல்லாம் முட்டை, முட்டை, முட்டை. ஸ்பெயின்ல டோர்ட்டியான்னா உருளைக்கிழங்கு போட்ட முட்டை ஆம்லெட்டுங்க! எனக்கு யாரு சொன்னா? நான் திரும்பி அப்பா தட்டைப் பாக்குறதுக்குள்ள அவர் பாதியை முடிச்சுட்டாரு.

"உருளைக்கிழங்கு அடை நல்லாத்தான் இருக்கு"ன்னாரு.

பசியில இருக்கிற மனுசன். நான் என்ன சொல்றது? "ஆமாப்பா, அடைதான்."

அதோட விட்டாரா? "எல்லாம் சரி, ஒரு வெங்காயத்தை நறுக்கிப் போட்டிருந்தா இன்னும் எடுத்திருக்கும், அந்தம்மாகிட்ட சொல்லு"ன்னாரு. நானும் வெகுளியாப் போய் எங்கப்பா இப்படிச் சொல்றாருன்னு சொன்னேன். கவுண்டர்ல உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா பீர் டம்ளரைத் தூக்கி எங்கப்பாவுக்குச் சல்யூட் அடிக்கிறாரு. அவருக்குப் பக்கத்துல இருந்தவரு மேஜையைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. எனக்கு அப்புறம்தான் தெரியும், டோர்ட்டியாவுல வெங்காயம் போடணுமா கூடாதாங்கிறது அந்த நாட்டையே ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்கிற சண்டை. பொடிமாஸ்ல வெங்காயம் போடலாமான்னு நம்ம வீட்டுல கேட்டுப் பாருங்க, அந்த மாதிரி. அஞ்சு நிமிஷத்துல பார் முழுக்க ரெண்டு கட்சி. நடுவுல எங்கப்பா மிச்ச பாதியையும் முடிச்சுட்டு இன்னொண்ணு கேக்குறாரு.

ஊருக்குப் போய் இந்தக் கதையை அவர் சொல்லணும், நீங்க கேக்கணும். மொத வருஷம் ரெண்டு கிழவனுங்க வாய்த்தகராறுன்னாரு. அடுத்த பொங்கலுக்கு அது அடிதடி ஆச்சு. மூணாவது வருஷம் கத்தியை எடுத்துட்டானுங்க, இவர்தான் நடுவுல புகுந்து "பாதிக்கு வெங்காயம் போடு, பாதிக்குப் போடாத"ன்னு ஸ்பெயின்ல பஞ்சாயத்து முடிச்சு வெச்சாரு. எந்த மொழியில முடிச்சாருன்னு ஊர்ல ஒருத்தனும் கேக்கல. எல்லா வெர்ஷன்லயும் அது உருளைக்கிழங்கு அடைதான். நானும் கடைசி வரைக்கும் திருத்தல.

நடுவர் மணி மேல கை வெக்கிறாரு, வாதத்துக்கு வந்துட்டேன் ஐயா.

அதே டோர்ட்டியாங்கிற பேருதான் மெக்சிகோவுலயும். பேரு மட்டும்தான் ஸ்பெயின். 1519ல ஸ்பெயின் படைத்தலைவன் கொர்த்தேஸ் மெக்சிகோவைப் புடிக்க வந்து எறங்குறதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முந்தியிருந்தே அந்த மக்கள் மக்காச்சோளத்தைத் தட்டித் தட்டிச் சுட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, அவங்க நவாட்டில் மொழியில அதுக்குப் பேரு த்லஷ்கல்லி. வந்தவனுக்கு வாயில நுழையல, தட்டையா வட்டமா இருக்கேன்னு அவன் ஊர்ப் பலகாரப் பேரை வெச்சுட்டுப் போயிட்டான். பேரு வெச்சவன் பெத்தவன் ஆகிடுவானா தங்கச்சி?

இப்ப இங்க எங்க பக்கத்து வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க, மெக்சிகோவுல புவெப்லா பக்கத்துக்காரங்க, எழுபது வயசு இருக்கும். குடி வந்த புதுசுல நீங்க ஸ்பானிஷான்னு கேட்டுட்டேன். ஒரு முறை முறைச்சாங்க. "ஸ்பானிஷ் என் பாஷை, நான் மெக்சிகோக்காரி." நான் மாட்ரிட்டுல கத்துக்கிட்ட ஸ்பானிஷ்ல நன்றின்னு "கிராத்தியாஸ்" சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க, அவங்க ஊர்ல அது "கிராசியாஸ்". ஒரு கறுப்புத் தமிழன் டெக்சாஸ்ல நின்னுக்கிட்டு ஸ்பெயின் மகாராஜா மாதிரி பேசுனா சிரிக்காம என்ன பண்ணுவாங்க.

அவங்க அடுப்படியைப் பாத்திருக்கேன். கொழம்புக் குண்டான் மாதிரி ஒண்ணுல காஞ்ச மக்காச்சோளம், அதுல என்ன போடுறாங்க தெரியுமா? சுண்ணாம்பு! நம்ம வெத்தலைக்குத் தடவுற அதே சுண்ணாம்பு. போட்டுக் கொதிக்க விட்டு ராத்திரி முழுக்க ஊற வெச்சுருவாங்க. காலையில தண்ணி மஞ்சளா, வழவழன்னு, தோலு கையில உரிஞ்சு வரும். அதைக் கழுவி அரைச்சு மாவை உருண்டை புடிச்சு அழுத்தி, கோமால்ங்கிற அவங்க தோசைக்கல்லுல போட்டா, ரெண்டாவது திருப்புல புஸ்ஸுன்னு வயித்தை உப்பிக்கிட்டு நிக்கும் பாருங்க, அப்ப வர்ற வாசனை மழை பெஞ்ச சுண்ணாம்புச் சுவர் வாசனை. அவங்க பாட்டி காலத்துல அரைக்கிறதுக்கு மெட்டாட்டேன்னு ஒரு கல்லு, மூணு காலு இருக்கும், குழவி இருக்கும். நம்ம அம்மிங்க! காலு மட்டும்தான் கூட.

இந்தச் சுண்ணாம்புலதான் என் வழக்கே இருக்கு. ஸ்பெயின்காரன் மக்காச்சோளத்தைக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனான், சுண்ணாம்பை விட்டுட்டுப் போயிட்டான். கேவலம் கிழவிங்க வேலை, அதை எதுக்குக் கத்துக்கணும்னு இருந்திருப்பானோ என்னவோ. என்ன ஆச்சு? ஸ்பெயினுக்கு வடக்க ஆஸ்துரியாஸ்னு ஒரு பக்கம், அங்க ஏழைபாழைங்க மக்காச்சோளத்தையே சாப்பாடா நம்பிக் கெடந்தாங்க. தோலெல்லாம் செவந்து வெடிச்சு, கழுத்தைச் சுத்தி மாலை போட்ட மாதிரி புண்ணு, அப்புறம் புத்தி பேதலிப்பு. 1735ல காஸ்பர் காசால்ங்கிற டாக்டர் அதை எழுதி வெச்சாரு, ரோசா நோய்னு பேரு. பெல்லாக்ராங்கிறாங்களே, அதுதான். சோளத்துல இருக்கிற நயாசின் சத்து சுண்ணாம்புல வெந்தாத்தான் நம்ம ஒடம்புல ஒட்டும். அது தெரியாத ஸ்பெயின்ல நோயி. அதே சோளத்தையே அன்னாடம் தின்ன மெக்சிகோ கிழவி மட்டும் குத்துக்கல்லாட்டம் இருந்தா. பண்டத்தைத் தூக்கிட்டுப் போகலாம் தங்கச்சி, பக்குவத்தைத் தூக்கிட்டுப் போக முடியாது. "சோளம் இல்லேன்னா நாடே இல்ல"ன்னு மெக்சிகோவுல கோஷம் போட்டு ஊர்வலம் போயிருக்காங்க, சும்மா எதுகை மோனைக்கா போவாங்க?

சரி, மிளகாய்த்தூள்.

அந்த மிளகாய் யாருது? மெக்சிகோ மண்ணுல வெளைஞ்சது. கொலம்பஸ் மிளகைத் தேடிக் கெளம்புன ஆளு, மிளகு கெடைக்கல, காரமா இதைக் கடிச்சான். ஸ்பானிஷ்ல மிளகு "பிமியெந்தா", இதை "பிமியெந்தோ"ன்னுட்டாங்க. நம்ம மட்டும் என்ன, போர்ச்சுக்கீசியன் கப்பல்ல வந்து எறங்குனதும் மிளகு மாதிரி காரமா ஒரு காயி, மிளகு-காய், மிளகாய்! ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழிச்சிருக்கோம். முழிக்காதவன் மெக்சிகோக்காரன்தான், அவன்கிட்ட அதுக்குச் சொந்தப் பேரு இருந்துச்சு, சீலி. தக்காளிக்குப் பேரு இருந்துச்சு, சாக்லேட்டுக்கு இருந்துச்சு, அவக்காடோவுக்கு இருந்துச்சு, அந்த நவாட்டில் பேரைத்தான் ஒடைச்சு ஒடைச்சு உலகமே சொல்லுது.

இப்ப நான் திருப்பிக் கேக்குறேன். மெக்சிகோ சாப்பாட்டுல இருந்து மிளகாய்த்தூளை எடுத்தா ஸ்பெயின் சாப்பாடு வந்துருமா? நீ ஸ்பெயின் சாப்பாட்டுல இருந்து அந்த அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததை எல்லாம் எடுத்துப் பாரு. சொரீசோ இருக்கே, அவங்க பன்னித் தொத்திறைச்சி, அது செவப்பா இருக்கிறதே பிமெந்தோன் மிளகாய்த்தூள்ல. அதை எடுத்தா ரத்தசோகை வந்த மாதிரி வெளுத்துத் தொங்கும். கஸ்பாச்சோன்னு அவங்க குடிக்கிற ஜில்லுன்னு தக்காளி சூப்புல தக்காளியை எடு, மோர்ல ரொட்டியை ஊறப்போட்ட கதை. சுர்ரோஸ் தொட்டுச் சாப்பிடுற சாக்லேட்டை எடு, வெறும் முறுக்கை எண்ணெயோட மெல்லு. எங்கப்பா சாப்பிட்ட டோர்ட்டியாவுல உருளைக்கிழங்கை எடு, அது பெரு பக்கத்து மலையில இருந்து வந்தது, எடுத்துட்டா என்ன மிச்சம்? வெறும் முட்டை. எங்கப்பாகிட்ட நான் என்ன பதில் சொல்றது?

இன்னொண்ணு, அந்த மிளகாயை ஸ்பெயின்ல பெருசா நம்பவும் மாட்டாங்க. கலீசியாவுல பாத்ரோன்னு ஒரு ஊரு, அங்க சின்னப் பச்சை மிளகாயை எண்ணெயில வதக்கி உப்பு தூவிக் குடுப்பாங்க, சிலது காரமா இருக்கும் சிலது இருக்காதுன்னு ஒரு பழமொழியே வெச்சிருக்காங்க. பத்துல ஒண்ணு காரமா இருந்தா அவங்களுக்கு அது த்ரில்லு! நம்ம ஆளு ஒரு தட்டைத் தின்னுட்டு "எப்பப்பா காரம் வரும்"னு உட்கார்ந்திருப்பான்.

பன்னி, மாடு, கோழி, கோதுமை, அரிசி, வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி எல்லாம் ஸ்பெயின் கப்பல்லதான் மெக்சிகோவுக்கு வந்துச்சுன்னு தங்கச்சி பட்டியல் போட்டுச்சு. வந்துச்சு. ஒத்துக்கிறேன். அப்ப மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்துல இருந்துதானே நமக்கு வந்துச்சு, நாளைக்கு ஒரு மெக்சிகோக்காரன் வந்து உங்க சாம்பாரு எங்க சாப்பாட்டுல பருப்பைப் போட்டதுதானேன்னா விட்டுருவியா? கரண்டியை எடுத்துர மாட்ட?

மொழி, மதம் எல்லாம் ஸ்பெயின் குடுத்தது, சோறு மட்டும் வேறயான்னும் கேட்டுச்சு. 1531ல தெபெயாக் குன்றுல குவாதலூப்பே மாதா காட்சி குடுத்தாங்கன்னு அந்த மக்கள் நம்புறாங்க. யாருக்குக் காட்சி? ஹுவான் தியேகோங்கிற அந்த மண்ணோட குடியானவனுக்கு. எந்த மொழியில பேசுனாங்க? நவாட்டில்ல. என்ன நெறம்? மாநெறம். குவாதலூப்பேங்கிற பேரு ஸ்பெயின்ல இருக்கிற ஊருதான், நானே சொல்லிடுறேன், நீங்க அப்புறம் எடுத்துக் குடுக்க வேண்டாம். ஆனா நம்ம வேளாங்கண்ணி மாதா சேலை கட்டியிருக்காங்க, அதைப் பாத்து ஐரோப்பா சாமின்னு எவனாவது சொல்லுவானா?

2010ல யுனெஸ்கோ மெக்சிகோவோட பாரம்பரிய சமையலை உலகம் காப்பாத்த வேண்டிய பாரம்பரியங்களோட பட்டியல்ல சேத்துச்சு. அதே வருஷம் மத்தியதரைக்கடல் உணவு முறைன்னு ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், மொராக்கோவையும் சேத்தாங்க. அவங்க நாலு பேரு ஒரு பந்தியில உட்கார்ந்தாங்க, மெக்சிகோ தனி எல போட்டுச்சு. இதுக்கு மேல நான் என்ன ஆதாரம் குடுக்க?

ரெண்டாவது மணி. சரிங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன்.

அப்பா போன வருஷம் ஆவணியில தவறிட்டாரு. போய்ட்டு வந்தேன். காரியம் முடிஞ்சு இங்க வந்து ரெண்டு மாசம், அக்டோபர் கடைசி, எதுலயும் மனசு ஒட்டல. ஒருநாள் அந்தப் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, உங்கப்பா போட்டோ ஒண்ணு குடுன்னாங்க. நவம்பர் 1, 2 அவங்களுக்கு எறந்தவங்க நாள். வீட்டுக்குள்ள படி படியா மேஜை அடுக்கி, போட்டோ, மெழுகுவத்தி, ஒரு டம்ளர் தண்ணி, உப்பு, ரொட்டி, அவங்கவங்களுக்குப் புடிச்ச சாப்பாடு. சோளமட்டையில மடிச்சு ஆவியில அவிச்ச தமால், பனையோலைக் கொழுக்கட்டையைப் பாத்த மாதிரியே இருந்துச்சு. வாசல்ல இருந்து படையல் வரைக்கும் செண்டுமல்லிப் பூவை உதுத்து விட்டிருக்காங்க, எறந்தவங்க வழி தெரிஞ்சு வரணுமாம். அந்த செண்டுமல்லியும் அவங்க மண்ணுப் பூதான். எங்கப்பா மாலையில இருந்ததும் அதே பூதாங்க.

நம்ம அமாவாசைக்கு எல போடுறோமே, அதேதான். அவங்க வீட்டுக்காரரு, அவங்க அக்கா, நடுவுல வேட்டி துண்டோட எங்கப்பா.

"உங்கப்பாவுக்கு என்ன புடிக்கும்?"னு கேட்டாங்க. அம்மா வெக்கிற புளிக்கொழம்பு, சுட்ட அப்பளம், எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வாயில வந்தது உருளைக்கிழங்கு அடை. கதையை முழுசா சொன்னேன், தம்பூரா, பல்குச்சி, வெங்காயம், பஞ்சாயத்து எல்லாம். சிரிச்சு முடிச்சுட்டு, "அது ஸ்பெயின்காரங்க பண்டமாச்சே, என் படையல்லயே வெக்கச் சொல்றியா?"ன்னாங்க. தங்கச்சி, கை தட்டாத, எனக்கும் தெரியுது, பாயிண்ட்டு உன் பக்கம் போகுது, போகட்டும்.

உருளைக்கிழங்கை அவங்களே சீவுனாங்க. வெங்காயத்தை நான் நறுக்குனேன், அதனால கண்ணைத் தொடச்சுக்கிட்டதை யாரும் கேக்கல. எல்லாம் எண்ணெயில வெந்து தயாரா இருக்கு, கிண்ணத்தை எடுத்துட்டு என்னைத் திரும்பிப் பாக்குறாங்க. "சைவம்னியே, முட்டை ஊத்தலாமா?"

ஊத்துங்கம்மா, அவருக்கு இன்னும் தெரியாதுன்னேன்.

வணக்கம்.